பட்டில் கறை படாத கடலை மிட்டாய்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

ஒரு தின்பண்டத்தைத் தேர்ந்தெடுத்த வரலாற்றையே எழுதப் போகிறேன் என்பதை முதலிலேயே தெரிவித்துவிடுகிறேன். இதில் பெரிய மனிதர்கள் யாரும் வருவதில்லை. ஆயினும் என் மகள் உயிருடன் பிறந்ததற்கு அந்தத் தின்பண்டமும் ஒரு காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதை எனக்கு வாங்கித் தந்தவரும், விற்றவரும், ஊட்டியவரும் ஆகிய மூவருக்கும் நான் வாயால் சொல்லத் தவறிய நன்றியை எழுத்தில் சொல்லிவிட விரும்புகிறேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் வீடு ஆரணியிலிருந்து சேவூருக்குப் போகும் பாதையில் இருந்தது. முன்கூடத்தில் இரண்டு குழித்தறிகள். ஒன்றில் என் கணவர் நெய்வார், மற்றதில் நான். தரையில் வெட்டிய பள்ளத்தின் விளிம்பில் அமர்ந்து, கால்களை உள்ளே தொங்கவிட்டு, மிதிகளை மாற்றி மாற்றி மிதித்து நெய்ய வேண்டும். என் மாமியார் எங்கள் இருவருக்கும் நடுவில் ராட்டையை வைத்துக்கொண்டு ஊடைநூல் சுற்றித் தருவார். மூவரும் பேசிக்கொண்டே வேலை செய்வோம். ராட்டையின் சத்தத்தையும் மீறிப் பேச வேண்டியிருந்தபடியால் எங்கள் வீட்டில் இரகசியம் என்று ஒன்று இருந்ததில்லை, தெருவுக்கே கேட்கும்.

எனக்கு அதற்கு முன் இரண்டு முறை கரு தங்காமல் கலைந்துபோயிற்று. மூன்றாம் முறை தங்கி நான்காம் மாதம் நடந்துகொண்டிருந்தது. நாங்கள் கிறிஸ்தவக் குடும்பம். ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்ததும் பெண்கள் என் வயிற்றைப் பார்ப்பார்கள், பிறகு என் முகத்தைப் பார்ப்பார்கள், ஒன்றும் கேட்கமாட்டார்கள். கேட்காமல் இருந்ததை அவர்களுடைய பண்பு என்றே இன்றும் எண்ணுகிறேன்.

அந்த மாதத்தில் எனக்கு அடிக்கடி தலைசுற்றல் வந்தது. அரசு மருத்துவமனையில் இருந்த நர்சம்மா என் கீழிமையை விரலால் இழுத்துப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

“இன்னாம்மா இது, சுண்ணாம்பு அடிச்ச சுவரு மாதிரி கீது? சாப்பிடறியா இல்லியா?”

“வேளைக்கு சாப்பிடறேங்க.”

“சாப்பிட்டது வயித்துல நிக்குதா?”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். காலையில் உண்டது பெரும்பாலும் வெளியே வந்துவிடும்.

“அப்ப ஒரேயடியா சாப்பிடாத. கொஞ்சங் கொஞ்சமா, நடுவுல நடுவுல எதனா வாயில போட்டுகினே இரு. வயித்த மட்டும் காயப்போடாத. போன ரெண்டும் மாதிரி இதுவும் போவணுமா?”

கடைசி வாக்கியத்தை அவர் கோபத்தில் சொல்லவில்லை. பயத்தில் சொன்னார் என்பது குரலிலேயே தெரிந்தது. சத்து மாத்திரைகள் கொடுத்தார். நான் வீட்டுக்கு வந்தேன்.

இவ்விடத்தில் எங்கள் தொழிலின் ஒரு வழக்கத்தைச் சொல்லாவிட்டால், மேலே வருவது விளங்காது. பட்டுத்தறியின் அருகில் உணவு வரக்கூடாது. எண்ணெய் பட்ட விரல் பாவில், அதாவது தறியில் நீளவாக்கில் பூட்டிய நூலில், பட்டால் அந்த இடம் கறுக்கும். இனிப்புப் பட்டால் இழையோடு இழை ஒட்டிக்கொண்டு அறும். துகள் விழுந்தால் எறும்பு வரும், கரப்பான் வரும், அவற்றுக்குப் பின்னால் எலியும் வரும். எனக்கு மணமாவதற்கு முன் எங்கள் வீட்டுத் தறியின் கீழே யாரோ பாதி அதிரசத்தை மறந்து வைத்துவிட, எலி வந்து பாவைக் கத்தரித்துப் போட்டதாம். என் மாமியார் அறுந்த இழைகளை ஒவ்வொன்றாகப் புணைத்து முடிப்பதற்குள் கண் வீங்கிப்போனதாம். அன்று முதல் தறிக்கூடத்துக்குள் அவர் தண்ணீர்ச் சொம்பைக்கூட அனுமதிப்பதில்லை.

ஆகவே நான் ஏதாவது உண்ண வேண்டுமானால் குழியிலிருந்து எழுந்து, பின்கட்டுக்குப் போய், தின்று, கை கழுவி, ஈரம் முற்றிலும் போகத் துடைத்து, திரும்ப வந்து இறங்க வேண்டும். இவ்வாறு இரண்டு நாள் செய்தேன். மூன்றாம் நாள் எழும்போது கண் இருண்டு, குழியின் விளிம்பிலேயே சரிந்தேன். என் கணவர் தம் தறியிலிருந்து எப்படித் தாவி வந்தார் என்று எனக்குத் தெரியாது. கண் திறந்தபோது என் தலை அவர் கையில் இருந்தது. அடிபடவில்லை.

“இனிமே நீ ஏறி எறங்கற வேல வேணாம்மே” என்றார். “ஒக்காந்த எடத்துலயே சாப்புடு.”

ராட்டை நின்றது. “தறிமேலயா?” என்றார் மாமியார்.

“தறிமேல இல்லம்மா. தறியில ஒக்காந்துகினு.”

“ரெண்டும் ஒண்ணுதான். எலிக்கு இந்த வித்தியாசம்லாம் தெரியாது.”

என் கணவர் வாதம் செய்கிறவர் அல்லர். சோதனை செய்து பார்க்கிறவர். புதுச் சாயம் போட்ட நூல் வந்தால், அதை நனைத்து வெள்ளைத் துணியில் தேய்த்துப் பார்த்த பிறகே தறியில் ஏற்றுவார். அதே முறையை இதற்கும் கையாண்டார். அன்று மாலையே கடைத்தெருவுக்குப் போய், அகப்பட்ட தின்பண்டங்களிலெல்லாம் சிறிது சிறிது வாங்கி வந்தார். கழிவுப் பட்டில் வெளிர்நிறமாகப் பார்த்து ஒரு கை எடுத்து என் மடியில் வைத்தார்.

“தின்னு. தின்னுட்டு இத்த தொடு.”

முறுக்கைத் தின்றுவிட்டுத் தொட்டேன். எண்ணெய் பளிச்சென்று தெரிந்தது. எள்ளுருண்டைக்கு எண்ணெயும் பிசுக்கும் சேர்ந்தே தெரிந்தன. பேரீச்சம்பழம் நூலை விரலோடு இழுத்துக்கொண்டு வந்தது. பிஸ்கட் சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் கடிக்கும்போதே மாவாக உதிர்ந்தது. வறுத்த வேர்க்கடலையின் சிவப்புத் தோல் பறந்து போய் இழைகளுக்குள் ஒளிந்துகொண்டது. தொட்ட நூல்களை முடிச்சுப் போட்டு, எறும்பு நடமாடும் சுவரோரத்தில் வரிசையாக வைத்தார். காலையில் எழுந்ததும் பல் துலக்குவதற்கு முன்பே போய்க் குந்திப் பார்த்தார்.

“இன்னாப்பா, எந்தப் பரீட்சையில எது பாசு?” என்று பின்கட்டிலிருந்து மாமியார் கேட்டார்.

“எல்லாம் பெயிலும்மா. இது ஒண்ணுதான் பாசு.”

அவர் உயர்த்திக் காட்டியது எலுமிச்சை மிட்டாய். தாளில் சுற்றி இருபுறமும் முறுக்கிய, மஞ்சள் நிறக் கெட்டி மிட்டாய். தாளின் முனைகளை இழுத்தால் அது வாய்க்குள் போய்விடும், விரல் படுவதில்லை, துகள் விழுவதில்லை, கன்னத்தில் அடக்கிக்கொண்டால் இரு கைகளும் வேலை செய்யும். இதைவிட நெசவாளிக்கு ஏற்ற தின்பண்டம் உலகத்தில் இல்லை என்று நாங்கள் மூவரும் ஒருமனதாக முடிவு செய்தோம். மாமியார்கூட, “இதுன்னா பரவால்ல” என்றார்.

ஒரு மாதம் எலுமிச்சை மிட்டாய் தின்றேன். கண் இருளும்போது ஒன்றைப் போட்டுக்கொண்டால் உடனே தெளியும். தெளிந்ததைக் கண்டு உடம்பு தேறுகிறது என்று நம்பினோம். தெருவில் போகிறவர்கள் சன்னல் வழியே பார்த்துவிட்டு, “பல்வலியாம்மே, கன்னம் வீங்கிகீது?” என்று கேட்பார்கள். நான் மிட்டாயை மறு கன்னத்துக்கு மாற்றிக் காட்டுவேன். அந்த மாதம் முழுவதும் சிரிப்பாகவே கழிந்தது.

பிறகு மறுபடி மருத்துவமனைக்குப் போனோம். நர்சம்மா இமையை இழுத்தார். போன மாதத்தைவிட ஒரு மாற்றமும் இல்லை.

“நடுவுல எதனா சாப்புடச் சொன்னனே, சாப்டியா?”

“சாப்பிட்டேங்க. எலுமிச்ச மிட்டாய்.”

“மிட்டாயா?”

என் கணவர் குறுக்கே புகுந்து, முறுக்கு முதல் பேரீச்சம்பழம் வரை தாம் செய்த சோதனையை முறையாக விளக்கினார். எது கறைபட்டது, எது உதிர்ந்தது, எதற்கு எறும்பு வந்தது என்று ஒன்றையும் விடாமல் சொன்னார். நர்சம்மா கடைசிவரை கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பிக் கேட்டார்:

“ஏம்மா, நீ புள்ளைக்கு சாப்புடறியா, பொடவைக்கு சாப்புடறியா?”

மாத்திரைகளை எண்ணிக்கொண்டே அவரே தொடர்ந்தார்:

“சக்கரத் தண்ணியில ரத்தம் ஊறுமா? பட்டுக்கு எது ஆவாதோ அதுதாம்மா உனக்கு ஆவும். வேர்க்கடல, வெல்லம், எள்ளு. போ, போய்க் கடல மிட்டாய் தின்னு. அடுத்த மாசம் இந்தக் கண்ணு செவக்கல, உன்ன இங்கியே படுக்க வெச்சிடுவேன்.”

ஐயா, இதைப் படிக்கிறவர்கள் சிரிக்கலாம். பட்டோடே பிறந்து பட்டோடே வளர்ந்தவர்கள் எந்தப் பொருளையும் முதலில் பட்டின் பக்கம் நின்றுதான் பார்ப்போம். குழந்தையைத் தூக்கவேண்டுமானாலும் அதன் கை ஈரமா என்று பார்த்த பிறகே தூக்குவோம். அப்படிப் பழகிய கண்ணுக்கு, தின்கிறவளின் உடம்பு என்று ஒன்று இருப்பது தெரியாமல் போயிற்று. திரும்பி வருகையில் என் கணவர் ஒரே ஒரு வார்த்தை பேசினார். “பேஜாராப் பூட்ச்சிமே” என்றார்.

வீட்டுக்குப் போகாமல் நேராகப் பேருந்து நிலையத்துக்கு அருகில் இருந்த பாயின் கடைக்குப் போனோம். போளூர், வந்தவாசி என்று பேருந்து ஏறுகிறவர்கள் வழிக்குத் தின்பண்டம் வாங்குவது அங்கேதான். கண்ணாடிச் சீசாவில் அடுக்கிய கடலை மிட்டாய் எல்லாக் கடையிலும் உண்டு. அது ஒன்றோடொன்று ஒட்டிக்கிடக்கும், கையால் பிய்த்துத்தான் எடுக்க வேண்டும். பாயின் கடையிலோ அந்நாளில் புதிதாக, விரல் நீளத்துக்கு நீள்சதுரமாக வெட்டி, ஒவ்வொன்றையும் தனித்தனியே கண்ணாடித்தாளில் சுற்றி ஒட்டிய மிட்டாய் வந்திருந்தது. அதிலும் மூன்று வகை.

முதல் வகையின் தாள் மிக அழகாக இருந்தது. உள்ளே சர்க்கரைப் பாகு மினுமினுக்க, மேலே பச்சையும் சிவப்புமாகத் தேங்காய்ப்பூ. இரண்டாம் வகை மற்ற இரண்டையும்விடத் தடிமனாக இருந்தது. தூக்கினால் எடையே இல்லை. மூன்றாவது கறுத்து, மெலிந்து, யாரும் விரும்பாததைப் போலக் கிடந்தது.

என் கணவர் ஒவ்வொன்றையும் எடுத்து, புடவையின் நெசவைப் பார்ப்பதுபோல வெளிச்சத்துக்கு நேரே பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகர்ந்தார். காதருகே வைத்துத் தட்டினார்.

“இன்னா நைனா, மிட்டாய் வாங்க வந்தியா, பொண்ணு பாக்க வந்தியா?” என்றார் பாய். “ஜல்தி சொல்லு, வந்தவாசி வண்டி பொறப்படப் போவுது, கும்பல் வரும்.”

“இதுல கடல எவ்ளோ கீது பாய்?”

“கடலையா? மேல எழுதிகீது பாரு, கடல மிட்டாயின்னு.”

“எழுதறவன் எத வேணா எழுதுவான். ஒண்ண ஒடச்சிக் காட்டு.”

பாய் என் வயிற்றைப் பார்த்தார். பிறகு வேறு பேச்சுப் பேசாமல், மூன்றிலும் ஒவ்வொன்றைப் பிரித்து உடைத்துத் தட்டில் வைத்தார். தடிமனாக இருந்ததன் உள்ளே முழுக்கப் பொரி, கடலையைத் தேடவேண்டியிருந்தது. மினுமினுத்தது உடையாமல் வளைந்தது. கறுத்தது மட்டும் ‘டக்’ என்று நேராக உடைந்தது. உடைந்த முகத்தில் கடலை நெருக்கமாக அடைத்துக்கொண்டு நின்றது. வெல்லம் கடலையைப் பிடித்துவைக்கும் அளவுக்குத்தான் இருந்தது. பட்டு நெசவில் இழைகள் நெருங்கி நிற்பதைப் பார்த்து மகிழ்கிற கண்கள் எங்களுடையவை. இருவரும் ஒரே நேரத்தில் அதைத் தொட்டோம்.

“அதுவா? அத்த யாரும் வாங்கறதில்ல தங்கச்சி, கலரு இல்லன்னு” என்றார் பாய். பிறகு தாமாகவே, “இத்த வாங்கறதுன்னா தாளுக்கு உள்பக்கம் பாரு. எண்ண கசிஞ்சிருந்தா பழைய சரக்கு, காறல் அடிக்கும். நானே குட்தாலும் வாங்காத” என்று சொல்லிக் கொடுத்தார். தம் சரக்கைத் தாமே குறைசொல்லி விற்ற வியாபாரியை அதற்கு முன்னும் பின்னும் நான் கண்டதில்லை.

இனி அதை எப்படித் தின்பது என்பதே கேள்வியாக இருந்தது. தாளின் ஒரு முனையை மட்டும் கிழித்து, மிச்சத்தைத் தாளோடு பிடித்துக்கொண்டு கடித்தால் விரலில் ஒட்டாது என்று கண்டேன். நெய்த பகுதியின்மேல் துண்டை விரித்து, முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டு, மாமியார் நூல் எடுக்க உள்ளே போகும் நேரம் பார்த்துத் தின்பேன். என் கணவர் வாசலைப் பார்த்துக்கொண்டு காவல் இருப்பார். மருமகள் கடலை மிட்டாய் தின்பதற்கு மகன் காவல் இருந்த வீடு ஆரணியில் எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும்.

அது அதிக நாள் நடக்கவில்லை. ஒரு நாள் மிட்டாய்த்தாள் ஒன்று காற்றில் நழுவி, என் குழியிலிருந்து புறப்பட்டு, கூடத்தைக் கடந்து, நேராக ராட்டையின் அடியில் போய் நின்றது. மாமியார் அதை எடுத்தார். நீவி விரித்துப் பார்த்தார். முகர்ந்தார். நான் நெய்வதை நிறுத்திவிட்டேன். என் கணவரும் நிறுத்திவிட்டார்.

“கடலையா?”

“ஆமாங்க அத்த.”

“தறியிலயா?”

என் கணவர் வாய் திறப்பதற்குள் நான் சொன்னேன்: “நர்சம்மா சொன்னாங்க அத்த. இல்லன்னா இதுவும் நிக்காதாம்.”

அவர் எழுந்து உள்ளே போனார். பானை நகரும் சத்தம் கேட்டது. அழுகிறாரோ, ஏசப் போகிறாரோ என்று நான் அஞ்சிக்கொண்டிருந்தேன். அவர் கையைக் கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டே திரும்பி வந்தார். நான் தறியின் பக்கத்தில் செருகி வைத்திருந்த மிட்டாயை எடுத்து, தாளைப் பிரித்து, சிறு துண்டாக உடைத்தார். தம் பழைய சேலைக் கிழிசல் ஒன்றை என் கழுத்தைச் சுற்றிக் கட்டி, அதன் மறுமுனையைத் தம் கையில் ஏந்தலாகப் பிடித்துக்கொண்டார்.

“நீ கைய வெக்காத. வாயத் தொற.”

திறந்தேன்.

“மென்னு. மென்னுட்டு நெய்யி. எம் பாவுலயும் எறும்பு வரக்கூடாது, எம் பேரப்புள்ளையும் காயக்கூடாது. ரெண்டயும் நான் பாத்துக்கறேன். திருடனுங்க மாதிரி இன்னா வேல இது?”

அன்று முதல் அதுவே வழக்கமாயிற்று. ராட்டையில் நான்கு முறை ஊடைநூல் சுற்றி முடித்ததும் எழுந்து, கை கழுவி, என் அருகே வந்து குந்துவார். மிட்டாய் ‘டக்’ என்று உடையும் சத்தம் கேட்டால் நான் தலையைத் திருப்பி வாயைத் திறப்பேன். கால்கள் மிதிப்பதை நிறுத்துவதில்லை. ஒவ்வொரு துண்டுக்கும் முன்னால் அவர் கண்ணை மூடி ஸ்தோத்திரம் சொல்லுவார்.

“துண்டுக்குத் துண்டு ஜெபமா அத்த? பசிக்குது.”

“கேக்கறவருக்கு அலுக்கல. உனக்கு இன்னா?”

மழைக்காலம் வந்தது. ஈரக் காற்றில் பாவும் தளரும், வெல்லமும் கசியும். தறியும் மிட்டாயும் ஒரே நேரத்தில் நோயில் விழுந்ததுபோல இருக்கும். அம்மாதங்களில் பாய், புதுச் சரக்கு வந்த அன்றே எனக்கென்று எடுத்து, மூடி இறுக்கமான தகர டப்பாவில் போட்டு வைப்பார். என் கணவர் போகும்போது, “தங்கச்சிது அப்பிடியே கீது, எடுத்துக்க” என்பார். ஒருமுறை பேருந்துக்காரர் ஒருவர் அந்த டப்பாவைக் கேட்டதற்கு, “அது மருந்து, விக்கறதில்ல” என்று சொல்லிவிட்டாராம்.

அடுத்த முறை நர்சம்மா என் இமையை இழுத்துப் பார்த்தார். மற்றக் கண்ணையும் இழுத்துப் பார்த்தார். பிறகு என் கன்னத்தில் ஒரு தட்டுத் தட்டி, “போ” என்றார். வாசலில் நின்றிருந்த என் கணவர் என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டு, தம் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

எட்டாம் மாதத்தில் என்னைத் தறியிலிருந்து எழுப்பிவிட்டார்கள். அதற்குள் அந்தப் பாவு முடிந்திருந்தது. எங்களுக்கு நூல் கொடுத்துப் புடவையை வாங்கிக்கொண்ட முதலாளி அதை விரித்து, வெளிச்சத்தில் பிடித்து, மடித்து வைத்தார், ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் தொழிலில் ஒன்றும் சொல்லாததே பாராட்டு.

என் மகள் அதே மருத்துவமனையில் பிறந்தாள். எடை போட்டுப் பார்த்த நர்சம்மா, “கடல மூட்ட மாதிரி கீறா” என்றார். என் கணவர் சாக்லேட் வாங்கப் போனவர், கறுத்த கடலை மிட்டாய் ஒரு பெட்டி நிறைய வாங்கிவந்து வார்டு முழுவதும் கொடுத்தார். பாய் பணம் வாங்க மறுத்துவிட்டாராம். மாமியார் தமக்குக் கொடுத்ததைப் பிரித்தார். பழக்கத்தில் ஒரு துண்டை உடைத்து, கண்ணை மூடி ஸ்தோத்திரம் சொல்லி, என் பக்கம் நீட்டினார். நானும் பழக்கத்தில் கையைத் தூக்காமல் வாயைத் திறந்தேன். அங்கே தறியும் இல்லை, பட்டும் இல்லை. அது நினைவுக்கு வந்ததும் இருவரும் சிரித்தோம். சிரித்தும் அவர் துண்டைக் கையில் தரவில்லை, வாயிலேயே வைத்தார்.

என் கணவர், மாமியார், பாய் ஆகிய மூவரில் ஒருவரும் இன்று இல்லை. நர்சம்மா எந்த ஊருக்கு மாற்றலாகிப் போனார் என்றும் தெரியவில்லை. இப்போது கடைகளில் தின்பண்டங்கள் பளபளக்கும் உறைகளில் வருகின்றன. எதை வாங்குவது என்று என் மகள் என்னைக் கேட்கும்போதெல்லாம், உறையை விட்டுவிட்டு உடைத்துப் பார்க்கச் சொல்லுகிறேன். ஏன் அப்படிச் சொல்லுகிறேன் என்பதை அவள் முழுமையாக அறியவே இதை எழுதினேன். ஆகையால் இதைப் படித்து முடித்தவர்கள், அவளும் பின்னால் எடுத்துப் படிக்க, தயவுசெய்து இதை எங்காவது பத்திரமாக வைத்திருக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.